ஒரு எழுத்தும் பிசகாமல்

மந்தாரக்குப்பத்தில் ராஜாங்கத்தைத் தெரியாதவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். ஆனால் கரி வெட்டுகிற மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்த்துக்கொண்டு, கண்ணும் கொஞ்சம் மங்கிப்போன ஆளாக இருந்தால், அவனுக்கு ராஜாங்கத்தைத் தெரியாமல் இருக்காது. வருடா வருடம் மெடிக்கல் வருவதற்கு முந்தின வாரம் அவர் வீட்டு வாசலில் செருப்புகள் சேர்ந்துவிடும். ரத்தம், மூத்திரம், பிரஷர் இதெல்லாம் நம் கையில் இல்லை, கண் பரீட்சை மட்டும் நம் வாயில் இருக்கிறது என்பது ராஜாங்கம் தம் அனுபவத்தில் கண்ட உண்மை.

விஷயம் ஒன்றும் பெரிதில்லை. சோதனை அறைச் சுவரில் ஓர் அட்டை தொங்கும். மேலே பெரியதாக ஓர் ஆங்கில எழுத்து, கீழே வர வர எழுத்துகள் சின்னதாகிக்கொண்டே போகும். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மேலிருந்து படிக்க வேண்டும். டாக்டர்கள் மாறுவார்கள், கான்ட்ராக்டர்கள் மாறுவார்கள், சுவரின் பெயின்ட்கூட மாறும். அந்த அட்டை மட்டும் மாறவே மாறாது. மாறாத ஒன்றை மனப்பாடம் செய்ய என்ன கஷ்டம்?

ராஜாங்கம் சொந்த ஊரான முத்தாண்டிக்குப்பத்தில் ஐந்தாவதோடு நின்றவர். ஏ பி சி டி சொல்லச் சொன்னால் பாதியில் திணறிப் போவார். ஆனால் "இ. எஃப், பி. டி, ஓ, இஸட். எல், பி, இ, டி" என்று ஆரம்பித்தாரானால் கடைசி வரியில்தான் வந்து மூச்சு விடுவார். அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் மொத்தமும் அந்த அட்டையில் இருப்பதுதான்.

இதை அவர் விளையாட்டுக்குக் கற்றுக்கொள்ளவில்லை. அவரும் சின்னதுரை என்பவனும் ஒரே கான்ட்ராக்டரிடம் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். கரி ஓடுகிற பெல்ட்டுக்கு அடியில் சிந்துவதை அள்ளி மேலே போடும் வேலை. ஒரு மெடிக்கலில் சின்னதுரை மூன்றாவது வரியில் முழித்தான். மறுநாள் கான்ட்ராக்டர் கூப்பிட்டு, "நீ அன்ஃபிட்டுப்பா, நாளையிலேர்ந்து வராத" என்றார். அவ்வளவுதான். கல்லு மாதிரி இருந்த மனுஷன். இன்றைக்கும் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஸ்கூட்டர் நிறுத்துகிற இடத்தில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருக்கிறான். அன்றிலிருந்து ராஜாங்கத்துக்குப் பேய், பாம்பு எதற்கும் பயமில்லை, அன்ஃபிட் என்ற சொல்லுக்குத்தான் பயம். நல்ல கண்ணுள்ள ஒருவனை அட்டையைப் பார்த்து வரச் சொல்லி, ஷிப்ட் முடிந்த பிறகு டீக்கடையில் உட்கார்ந்து வரி வரியாக உருப்போட்டார்.

மகள் ஹரிணிக்கு அப்போது பேச்சு வந்துகொண்டிருந்த வயது. முதல் ஷிப்ட் முடிந்து வந்து குளித்துவிட்டு, அவளை மடியில் வைத்துக்கொண்டு மறந்துவிடக் கூடாதே என்று ஒரு தடவை சொல்லிப் பார்ப்பார். குழந்தை வாயைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரு நாள் அவர் "எஃப்" என்று நிறுத்த, அது "பீ" என்றது. அவ்வளவுதான், அன்றைக்குத் தெருவையே கூப்பிட்டுக் காட்டினார். பிறகு அதுவே அப்பாவுக்கும் மகளுக்கும் பாட்டாகிப் போனது. அவர் ஒரு வரி, அவள் ஒரு வரி. சில நாள் விளையாட்டாக ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு சொல்வாள். ஸ்கூலில் சேர்த்த புதிதில் டீச்சர் ஏ பி சி டி சொல்லச் சொன்னதற்கு, எழுந்து நின்று கண்ணைப் பொத்திக்கொண்டு "இ, எஃப், பி" என்று ஆரம்பித்தாளாம். அம்மா காந்திமதி தலையில் அடித்துக்கொண்டாள். ராஜாங்கத்துக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்தப் பெருமைக்குத்தான் பிற்பாடு வந்து விடிந்தது.

எட்டாவது படிக்கும்போது ஹரிணிக்குப் போர்டில் எழுதுவது தெரியாமல் போக ஆரம்பித்தது. முதல் பெஞ்சுக்கு மாற்றினார்கள். கண்ணாடி போட்டார்கள். கண்ணாடியை மாற்றினார்கள். ஸ்கூலில் கண் பரிசோதனைக்கு ஆள் வந்தபோதெல்லாம் அவள் அட்டையைத் தலைகீழாக ஒப்பித்துவிட்டு வந்துவிட்டாள். அப்படிச் சொல்லிவிட்டு வா என்று அனுப்பியவர் ராஜாங்கம்தான். பெண் பிள்ளை மேல் ஸ்கூல் ரெக்கார்டில் ஏதாவது எழுதிவிட்டால் பிறகு யார் அழிப்பது என்று கேட்டார்.

அவள் கண்ணில் இருந்த கோளாறு வேறு மாதிரி. நடப்பாள், எதிலும் இடித்துக்கொள்ள மாட்டாள். தூரத்தில் பஸ் வருவதைச் சொல்வாள். ஆனால் எதை நேராகப் பார்க்கிறாளோ அது மட்டும் அழிந்து போகும். யாராவது பேசினால், அவர்கள் முகத்தைப் பார்ப்பதற்குக் காதோரம் பார்வையை வைத்துக்கொள்வாள். சேத்தியாத்தோப்பு அத்தை ஒருத்தி, "உன் பொண்ணுக்கு என்னா திமிரு, மூஞ்சியப் பாத்து ஒரு பேச்சு பேசறாளா" என்று சொல்லிவிட்டே போனாள்.

கடைசியில் புதுச்சேரியில் ஒரு கண் டாக்டரிடம் காட்டினார்கள். அவர் பொறுமையாகத்தான் சொன்னார். "பின்னாடி திரையில கோளாறு. நடுப்பார்வை போகும், ஓரப்பார்வை நிக்கும். கண்ணாடியெல்லாம் பிரயோஜனம் இல்ல. முழுசாப் போயிடாது, பயப்படாதீங்க. ஆனா இப்பவே மாற்றுத்திறனாளி சர்ட்டிபிகேட் வாங்கிடுங்க, படிக்கிற பொண்ணு, உதவும்." ராஜாங்கத்தின் காதில் மற்றதெல்லாம் விழவில்லை. சர்ட்டிபிகேட் என்றதும் கான்ட்ராக்டரின் முகம்தான் வந்து நின்றது. பஸ் குறிஞ்சிப்பாடி தாண்டும்போது டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைக் கிழித்து ஜன்னல் வழியாக விட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹரிணி காகிதம் கிழிகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

எப்படியோ பிளஸ் டூ தாண்டினாள். எப்படியோ என்றால் நந்தினியால்தான். பக்கத்து வீட்டுப் பெண், கூடப் படிப்பவள். அவள் சத்தம் போட்டுப் படிப்பாள், ஹரிணி ஒரு தடவை கேட்டால் போதும், பிடித்துக்கொள்வாள். பரீட்சை ஹாலில் நல்ல டீச்சராக வாய்த்தால் கேள்வியை மெதுவாகப் படித்துச் சொல்வார்கள். இருவருமாக விருத்தாசலம் பக்கம் ஒரு காலேஜில் பி.காம் சேர்ந்தார்கள்.

காலேஜ் வேறு உலகம். யுனிவர்சிட்டி கேள்வித்தாளில் எழுத்து பொடிப் பொடியாக இருக்கும். யாரும் படித்துச் சொல்ல மாட்டார்கள். கணக்குத்தாளில் கோடு கோடாகக் கட்டம் போட்டு, இந்தப் பக்கம் பற்று, அந்தப் பக்கம் வரவு என்று நிரப்ப வேண்டும். ஹரிணி எழுதுவது ஒரு வரியின் மேல் இன்னொரு வரி ஏறிக்கொள்ளும். பற்று வரவில் போய் உட்காரும். முதல் வருடத்தில் விழுந்த அரியர்களை அவள் வீட்டில் சொல்லவில்லை. நந்தினிதான் காந்திமதியிடம் சொல்லி அழுதாள்.

அவளுக்குப் பாடம் எடுத்த அன்புச்செல்வன் சார் நல்ல மனிதர். ஒரு நாள் அவள் விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அதே கேள்விகளை வாயால் கேட்டார். ஹரிணி ஒன்று விடாமல் சொன்னாள். அவர் நேராக ஆபீசுக்குப் போய் விசாரித்தார். வழி இருந்தது. அவள் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஓர் ஆள் தருவார்கள். நேரம் கூடுதலாகத் தருவார்கள். கேள்வித்தாளைப் பெரிய எழுத்தில் தருவார்கள். எல்லாம் உண்டு, சட்டப்படி உண்டு. ஆனால் மெடிக்கல் போர்டு பார்வைக் குறைபாடு நாற்பது சதவீதம் என்று எழுதிக் கொடுத்த சர்ட்டிபிகேட் வேண்டும். அது இல்லாவிட்டால் எதுவும் இல்லை.

ராஜாங்கத்தைக் காலேஜுக்கு வரச் சொன்னார். ராஜாங்கம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய் ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அதுல அன்ஃபிட்னு எழுதிடுவாங்க சார். அப்பறம் போற எடமெல்லாம் அது கூடவே வரும்" என்றார்.

"அப்படி எழுத மாட்டாங்கங்க. உங்க பொண்ணுக்குப் பாடம் எல்லாம் தெரியுது. தெரிஞ்சத எழுத ஒரு வழி, அவ்ளோதான் இது."

"பவர் கூட்டிக் கண்ணாடி போட்டா செரியாயிடும்னு..."

"கண்ணாடியால ஆகாதுன்னு உங்களுக்கே தெரியும்னு உங்க பொண்ணு சொல்லுது" என்றார் சார், தாழ்ந்த குரலில். ராஜாங்கம் தலையைக் குனிந்துகொண்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. ஹரிணி ஜன்னலைப் பார்த்தபடியே பேசினாள்.

"இந்த செமஸ்டர்லயும் போச்சின்னா நான் நின்னுடுறேன்ப்பா."

"என்னாம்மா இப்பிடி சொல்ற?"

"படிக்காம ஃபெயிலானாக்கூடப் பரவால்ல. எல்லாம் தெரிஞ்சிகினு ஃபெயிலாவறது இருக்கே, அது என்னால முடியல."

அவள் அதிகம் பேசுகிற பெண் இல்லை. சொன்னால் சொன்னதுதான் என்று ராஜாங்கத்துக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே, "கடலூர்ல அந்த சர்ட்டிபிகேட் குடுக்கற முகாம் என்னைக்குன்னு உங்க சாரையே கேளு. போலாம்" என்றார். ஹரிணி அப்பாவின் காதோரம் பார்த்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

இனி நடந்ததைச் சொல்லத்தான் மனசு வரவில்லை. முகாமுக்கு ஒரு வாரம் இருக்கும்போதே காந்திமதி பொன்னாங்கண்ணிக் கீரையாக வாங்கி ஆய ஆரம்பித்துவிட்டாள். தினம் காலையில் கேரட் சாறு. கண் டெஸ்ட் என்றால் கண்ணைத் தேற்றி அனுப்ப வேண்டும் என்பதுதானே அந்த வீட்டின் வழக்கம். நன்றாகத் தூங்கு, போனைப் பார்க்காதே, கண்ணுக்குக் களைப்புக் கூடாது என்று ராஜாங்கமும் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை தேறுவதற்குப் போகவில்லை, தெரியவில்லை என்று சொல்வதற்குப் போகிறோம் என்பது அந்த வீட்டில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. மெடிக்கல் என்றால் தேறணும். அது அவர்கள் ரத்தத்தில் ஊறிக் கிடந்தது.

முகாம் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. கை காலுக்கு ஒரு வகுப்பறை, காதுக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று. வராந்தா முழுக்க ஜனம். தவழ்ந்து வந்தவர்கள், தூக்கிக்கொண்டு வரப்பட்டவர்கள், தோளைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள். நன்றாக நடந்து வந்த ஹரிணியை அவர்கள் கொஞ்சம் மேலும் கீழும்தான் பார்த்தார்கள். அவளுக்கு முன்னால் போன ஆள் ஒருவன் கண் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, கீழே விழுந்த போனைக் குனிந்து சட்டென்று எடுத்திருக்கிறான். டாக்டர் அவனைப் பிடித்துத் திட்டிய சத்தம் வெளியே வரை கேட்டது. அந்தக் கோபம் ஆறுவதற்குள் ஹரிணியின் முறை வந்தது.

"என்னம்மா படிக்கிற?"

"பி.காம் ரெண்டாவது வருஷம் சார்."

"கண்ணுல என்ன?"

"நேராப் பாத்தா தெரியல சார். நடுவுல மறைக்குது."

டாக்டர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டார். எதிர்ச் சுவரில் இரண்டு அட்டைகள் இருந்தன, ஒன்று தமிழ், ஒன்று இங்கிலீஷ். நர்ஸ் குச்சியை எடுத்துக்கொண்டு, "தமிழா, இங்கிலீஷாம்மா?" என்று கேட்டாள். ஹரிணி வாயைத் திறப்பதற்குள் கதவோரம் நின்ற ராஜாங்கம் முந்திக்கொண்டார்.

"இங்கிலீஷே காட்டுங்கம்மா. காலேஜ் படிக்கிற பொண்ணுங்க."

எதற்குச் சொன்னார்? யாரும் கேட்கவில்லையே. பெத்த பெருமை, வாய் சும்மா இருக்குமா. நர்ஸ் இங்கிலீஷ் அட்டைக்குப் போனாள். ஹரிணியை நாற்காலியில் உட்கார வைத்து வலது கண்ணைப் பொத்தச் சொன்னாள். "மேலேர்ந்து படி" என்றாள்.

"இ" என்றாள் ஹரிணி. குச்சி இறங்கியது. "எஃப், பி." குச்சி மறுபடி இறங்கியது. "டி, ஓ, இஸட்." அதற்குப் பிறகு குச்சிக்கு வேலையே இல்லை. "எல், பி, இ, டி. பி, இ, சி, எஃப், டி." நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, மடியில் உட்கார்ந்து சொன்ன அதே ராகத்தில் சொல்லிக்கொண்டு போனாள்.

உள்ளதைச் சொல்ல வேண்டும் என்றால், ராஜாங்கத்துக்கு அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்றவரின் உதடும் கூடவே அசைந்தது. பாப்பா ஒரு எழுத்தும் பிசகாமல் சொல்கிறாள் என்று தலைகூட ஆட்டினார். கடைசி வரிக்கு வந்த பிறகுதான் எதற்கு வந்திருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. தலை அப்படியே நின்றுவிட்டது. ஹரிணியும் நிறுத்திவிட்டாள். கண்ணைப் பொத்திய கை மட்டும் கீழே இறங்கவில்லை.

"சரி, அடுத்த கண்ணு" என்றார் டாக்டர்.

"சார், எனக்குத் தெரியல சார்."

"எது தெரியல?"

"அதுல ஒண்ணுமே தெரியல."

டாக்டர் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். "இப்பதானம்மா கீழ் வரி வரைக்கும் படிச்ச?"

ராஜாங்கம் உள்ளே ஓடி வந்துவிட்டார். "அது பாத்துச் சொல்லலீங்க சார். மனப்பாடம்ங்க. சின்னப் புள்ளையில நான்தான் சொல்லிக் குடுத்தேன். தமிழ் அட்டையக் காட்டிப் பாருங்க சார், உங்களுக்கே தெரியும்."

நர்ஸ் தமிழ் அட்டையில் குச்சியை வைத்தாள். ஹரிணி முகத்தை இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள். முதல் எழுத்தே வரவில்லை. "வட்டமா என்னமோ இருக்குது சார்" என்றாள்.

"இங்கிலீஷ்னா அவ்ளோ சின்ன எழுத்தும் தெரியும். தமிழ்னா இவ்ளோ பெருசுகூடத் தெரியாதா?" டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "ஏம்ப்பா, படிக்கிற புள்ளைக்கு எதுக்குப்பா கண் அட்டைய மனப்பாடம் பண்ணிக் குடுக்கணும்? யாராவது செய்வாங்களா?"

"மைன்ஸ்ல மெடிக்கல்னு..." என்று ராஜாங்கம் ஆரம்பித்தார். ஆரம்பித்த இடத்திலேயே நிறுத்திக்கொண்டார். இதைச் சொன்னால் என்ன ஆகும்? அட்டையை மாற்றிவிடுவார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உருப்போட்டுப் போன அத்தனை பேரும் அடுத்த மெடிக்கலில் முழிப்பார்கள். அத்தனை வீட்டு அடுப்பும் அவர் நாக்கு நுனியில் இருந்தது. இந்தப் பக்கம் பெற்ற பெண் ஒரு கண்ணைப் பொத்தியபடி உட்கார்ந்திருந்தாள்.

"சும்மா வெளாட்டுக்குங்க" என்றார்.

அவர் காதுக்கே அது பொய்யாகத்தான் கேட்டது.

"அப்பவும் நீதான் சொல்லிக் குடுத்த. தெரியலன்னு சொல்லுன்னு இப்பவும் நீதான் சொல்லிக் குடுத்துக் கூட்டிகிட்டு வந்திருக்க" என்றார் டாக்டர். "நல்லா நடிக்குது பொண்ணு."

வாசலில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரோ ஒருவர் உச்சுக் கொட்டினார். டாக்டரைக் குற்றம் சொல்லியும் பிரயோஜனம் இல்லை, காலையிலிருந்து அவர் பார்த்தது அப்படி. ஆனாலும் விளக்கை வைத்து ஹரிணியின் கண்ணுக்குள் பார்த்தார். லேசாக ஏதோ இருக்கிற மாதிரி இருக்கிறது, ஆனால் நாற்பது வராது, சென்னையில் பெரிய மெஷினில் பார்த்து ரிப்போர்ட்டோடு அடுத்த முகாமுக்கு வா என்று எழுதிக் கொடுத்தார். சென்னையில் கிடைத்த தேதி செமஸ்டர் பரீட்சை முடிந்த பிறகு. பேருந்து ஜன்னலில் கிழித்து விட்ட புதுச்சேரிச் சீட்டு இருந்திருந்தால் என்று ராஜாங்கம் நினைத்தார். நினைத்து என்ன செய்ய.

திரும்பும்போது பஸ் வடலூர் வந்துவிட்டது. ஹரிணிதான் ஆரம்பித்தாள்.

"நான் வேணும்னு சொல்லலப்பா."

"தெரியும்மா."

"சேர்ல உக்காந்து கண்ணப் பொத்துனதும் வாய் தானா ஆரம்பிச்சிடுச்சி. ரெண்டாவது வரியில நிறுத்திடணும்னுதான் நெனச்சேன். அப்ப ஓரத்துல நீங்க நிக்கிறது தெரிஞ்சிது. தலையாட்டிகினு இருந்தீங்க. செரியாத்தான் சொல்றேன் போலருக்குன்னு சொல்லிகினே போயிட்டேன்."

அவளுக்கு மிச்சமிருந்த ஓரப்பார்வையில் போய் நின்று தலையாட்டிய பாவி தான்தான் என்று ராஜாங்கம் பஸ்ஸிலேயே துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். ஹரிணி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அது இன்னும் கொடுமையாக இருந்தது.

அன்புச்செல்வன் சார் தன்னால் ஆனதைச் செய்தார். ஆபீசில் போய்ச் சண்டை போட்டார். ஜன்னலோரம் வெளிச்சமான இடத்தில் அவளை உட்கார வைக்க மட்டும்தான் அவரால் முடிந்தது. கணக்குப் பரீட்சை அன்று ராஜாங்கம் ஷிப்டை மாற்றிக்கொண்டு காலேஜ் கேட்டுக்கு வெளியே காத்திருந்தார். பாதிப் பேர்கூட வெளியே வரவில்லை, ஹரிணி வந்துவிட்டாள்.

"என்னாம்மா, அதுக்குள்ள வந்துட்ட?"

"கேள்வியப் படிக்கறதுக்கே நேரம் போயிடுச்சிப்பா. எழுதுனது எந்தக் கோட்டுல ஏறுச்சின்னு எனக்கே தெரியல. அதான் குடுத்துட்டு வந்துட்டேன்."

ரிசல்ட் வந்தபோது ஹரிணிக்குக் கணக்கு மறுபடியும் போயிருந்தது. நந்தினி பாஸ். தான் பாஸானதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு அவள் அந்தப் பக்கமே வரவில்லை. அடுத்த செமஸ்டர் தொடங்கிய அன்று காலையில் காலேஜ் பஸ் தெருமுனையில் வழக்கம்போல் ஹாரன் அடித்தது. ஹரிணி அம்மாவுக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். குடத்தை இறக்கி வைக்கக்கூட இல்லை. பஸ் இரண்டாவது தடவை ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது.

திரும்பிப் போ என்று யார் சொல்லவில்லை? சார் போன் செய்தார். நந்தினி வந்து கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். சென்னைத் தேதி வந்தபோது ராஜாங்கம் பையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு நின்றார். "மெஷினே பாத்துக்குமாம்மா, நீ ஒண்ணும் படிக்க வேணாம்" என்றார்.

"அப்பறம் அதே முகாமுக்குத்தானப்பா போவணும்? அந்த சேர்ல உக்காந்தா நான் திரும்பியும் அதையேதான் சொல்லுவேன். நடிக்கிறான்னு அவர் சொன்னப்ப எல்லாரும் எட்டிப் பாத்தாங்க. அவங்க மூஞ்சி எனக்குத் தெரியல, ஆனா பாத்தாங்கன்னு தெரிஞ்சிது. இன்னொரு தடவ என்னால ஆவாதுப்பா. வுட்டுடுங்க."

பை கொஞ்ச நாள் அப்படியே கதவோரம் கிடந்தது. பிறகு காந்திமதி அதிலிருந்த துணியை எடுத்து அலமாரியில் வைத்தாள்.

இந்த வருடத்து மெடிக்கல் போன மாதம் வந்தது. முந்தின வாரம் கலைச்செல்வன் என்பவன் வந்தான். ராஜாங்கத்தோடு பெல்ட்டில் வேலை பார்க்கிறவன், இரண்டு பிள்ளைக்காரன், கொஞ்ச நாளாகக் கண்ணில் புரை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தான்.

"அண்ணே, அந்த அட்டைய ஒரு தபா சொல்லுங்கண்ணே. உங்களத்தான் நம்பிகினு இருக்கேன்."

ராஜாங்கம் எதிரில் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "இ" என்றார். அதற்கு மேல் வரவில்லை. தெரியாமல் இல்லை, எழுத்தெல்லாம் வரிசையாக நின்றது. வாய்தான் திறக்கவில்லை. கலைச்செல்வன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "என்னாண்ணே, மறந்துட்டீங்களா?" என்றான் பயந்துபோய்.

"எஃப், பி" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

ஹரிணி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து வந்து, அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் சொல்றேண்ணே. நீங்க பின்னாடியே சொல்லிகினு வாங்க."

வரி வரியாகச் சொன்னாள். அவன் தப்பும் தவறுமாகச் சொன்னான். "இல்லண்ணே, ஓவுக்கு அப்பறம் இஸட்" என்று அவள் நிறுத்தித் திருத்தினாள். கோபப்படாமல், சலிக்காமல், நல்ல டீச்சர் மாதிரி சொல்லிக் கொடுத்தாள். இருட்டுவதற்குள் அவனுக்குப் பாதிக்கு மேல் வந்துவிட்டது. ராஜாங்கம் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்தத் தடவை அவர் தலை அசையவில்லை.

"காலேஜ் படிச்ச பொண்ணுன்னா சும்மாவா" என்று கலைச்செல்வன் சந்தோஷமாக எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டான். "நம்ம ஷிப்ட்டுல இன்னும் ரெண்டு மூணு பேரு கேட்டுகினு இருக்காங்க. நாளைக்கு அனுப்பட்டுமாம்மா? உனக்குப் படிக்கிற வேல ஏதாவது இருக்குமோ என்னமோ."

"அனுப்புங்கண்ணே" என்றாள் ஹரிணி, அவன் காதோரம் பார்த்துக்கொண்டு. "எப்ப வேணாலும் வரச் சொல்லுங்க. நான் இனிமே வூட்லதான் இருப்பேன்."